பன்னிரண்டும் ஜி.இ.வி. என்றால் ஓகர் என்ன செய்யும்?

வண்ணாமடையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. அவரும் அவருடைய மாமா பையனும் ஓகர் என்ற போர்ப் பலகை விளையாட்டை விளையாடுகிறார்கள். தற்காப்புப் பக்கம் உட்காருகிறவர் தனக்குக் கிடைக்கும் பன்னிரண்டு கவச வண்டிகளையும் ஜி.இ.வி. என்ற மிதவை வண்டியாகவே எடுத்துக்கொள்கிறார். எதிரே வரும் ராட்சத டாங்கி, அதாவது மார்க் 3 வகை ஓகர், இதுவரை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஜி.இ.வி.க்கு உச்சவரம்பு வைக்கலாமா, ஓகருக்குச் செயினை, அதாவது அது ஓடுகிற சக்கரப் பட்டையை, கூட்டலாமா என்பது முதல் கேள்வி. தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கும் நம் வாளையார்ப் பக்கத்தையே களமாக வைத்து ஓர் ஆட்டம் அமைக்க முடியுமா என்பது இரண்டாவது.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் தம்பி. விதியைத் தொடாதீர்கள், களத்தை மாற்றுங்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் பல வருடமாக இதே சண்டையைப் போட்டிருக்கிறோம்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஓகர் 1977-இல் அமெரிக்காவில் வந்தது. வடிவமைத்தவர் ஸ்டீவ் ஜாக்சன், வெளியிட்டது மெட்டாகேமிங். சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன விளையாட்டு, விலை 2.95 டாலர். அடுத்த வருடமே ஜி.இ.வி. என்ற இரண்டாம் பாகம் வந்தது. 2012-இல் அதே ஓகரைப் பெரிய பெட்டியாகக் கொண்டுவர மக்களிடம் பணம் திரட்டினார்கள். ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, பெட்டியின் எடை பத்து கிலோவைத் தாண்டியது. எனக்கு அந்தப் பெட்டி வேண்டாம், சின்னதே போதும். கதை 21-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடக்கிறது. ஒரு பக்கம் ஆளே இல்லாமல் தானாக யோசித்து ஓடும் ராட்சத டாங்கி ஒன்றே ஒன்று, அதுதான் ஓகர். எதிர்ப்பக்கம் சாதாரண டாங்கிகள், பீரங்கிகள், காலாட்படை, அவர்களுக்குப் பின்னால் ஒரு கட்டளை நிலையம். ஓகர் அந்த நிலையத்தை உடைத்துவிட்டு வந்த வழியே தப்ப வேண்டும். ஒன்றை எதிர்த்துப் பல என்ற இந்த அமைப்புதான் இத்தனை வருடமாக இதை உயிரோடு வைத்திருக்கிறது.

ஜி.இ.வி. என்பது காற்று மெத்தையில் மிதந்து ஓடும் வண்டி. நான்கு கட்டம் நகரும், சுடும், சுட்ட பிறகு இன்னொரு மூன்று கட்டம் நகரும். அடித்துவிட்டு ஓடுவது அதன் தொழில். தாக்கு எண் 2, எட்டும் தூரம் 2, தற்காப்பு 2. கனரக டாங்கிக்குத் தாக்கு 4, தூரம் 2, தற்காப்பு 3, நகர்வு 3. ஏவுகணை டாங்கிக்குத் தாக்கு 3, தூரம் 4, தற்காப்பு 2, நகர்வு 2. ஹோவிட்சர் என்ற பெரிய பீரங்கி நகராது. ஆனால் தாக்கு 6, தூரம் 8. அதனால் அது மட்டும் இரண்டு வண்டிக் கணக்கு. விதிநூல் டிரெட் என்று சொல்வதைத்தான் நாங்கள் செயின் என்கிறோம், பொக்லைன் ஓட்டுகிறவர்கள் சொல்கிற அதே செயின். மார்க் 3-க்கு 45 செயின். 15 போனால் வேகம் மூன்றிலிருந்து இரண்டு, இன்னும் 15 போனால் ஒன்று, எல்லாம் போனால் நின்ற இடத்திலேயே கிடக்கும். நாங்கள் 45 புளியங்கொட்டையை மூன்று கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொள்வோம். ஒரு கிண்ணம் காலியானால் ஒரு வேகம் போச்சு. தாளில் கட்டம் அடிப்பதைவிட இது நல்லது, எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொட்டையை எடுக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஆட்டத்தை விவரித்தபோது, "ஆறு வண்டி சேர்ந்து செயினைச் சுட்டோம், ஒரே பகடையில் 12 போச்சு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தம்பி, உங்கள் ஓகர் தோற்றது அந்த வரியில்தான்.

ஓகரின் துப்பாக்கிகளைக் குறிவைத்துச் சுடும்போது பல வண்டிகள் தாக்கு எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். செயினைச் சுடும்போது வண்டிகள் சேரக்கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பகடை, தாக்குக்கும் தற்காப்புக்கும் உள்ள விகிதம் எப்போதும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். பகடையில் 5 அல்லது 6 விழுந்தால், சுட்ட வண்டியின் தாக்கு எண் எவ்வளவோ அத்தனை செயின் போகும். மற்ற எண் விழுந்தால் ஒன்றும் இல்லை. சேர்த்து ஒரே பகடை போட்டாலும் சராசரி மாறாதே என்று கேட்பீர்கள். சராசரி மாறாது, ஆனால் ஆட்டத்தின் குணம் மாறிவிடும். ஒரே வீச்சில் ஒரு கிண்ணம் காலியாகும் ஆட்டத்தில் ஓகர் ஆடுகிறவர் எதையும் திட்டமிட முடியாது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. அடி வாங்கிய வண்டி கொஞ்ச நேரம் நகரவும் சுடவும் முடியாமல் நிற்கும் 'முடக்கம்' என்ற விளைவை ஓகர் மேலும் போடுகிறீர்களோ? அது ஓகருக்குக் கிடையாது, சாதாரண வண்டிக்கு மட்டும்தான். அப்புறம் விகிதக் கணக்கு. ஏழு தாக்கு நான்கு தற்காப்பைச் சந்தித்தால் அது இரண்டுக்கு ஒன்று ஆகாது, ஒன்றுக்கு ஒன்றுதான். மிச்சம் எப்போதும் தற்காப்புப் பக்கம் போகும். எங்கள் கூட்டத்தில் எல்.ஐ.சி. முகவர் ஒருவர் இருக்கிறார். இந்த மிச்சக் கணக்கில் அவரிடம் யாரும் வாயாட முடியாது.

இந்தத் தவறுகளைச் சரிசெய்த பிறகும் பன்னிரண்டு ஜி.இ.வி. வலுவான தேர்வுதான். அதை மறுக்கவில்லை. ஏன் வலு என்பதைத் தூரக் கணக்கில் பாருங்கள், மிக அழகாக இருக்கும்.

ஜி.இ.வி. ஓகரிடமிருந்து ஆறு கட்டம் தள்ளி நிற்கிறது. நான்கு கட்டம் வந்து இரண்டு கட்டத் தூரத்தில் சுடுகிறது. பிறகு மூன்று கட்டம் விலகுகிறது. இப்போது தூரம் ஐந்து. ஓகர் மூன்று கட்டம் துரத்தினால் தூரம் இரண்டு. ஓகரின் துணைத் துப்பாக்கி எட்டுவது சரியாக இரண்டு கட்டம்தான். ஆகவே அடித்துவிட்டு ஓடினாலும் ஜி.இ.வி. முழுசாகத் தப்பவில்லை, துணைத் துப்பாக்கியின் விளிம்பில் மாட்டுகிறது. பின்நகர்வு நான்காக இருந்திருந்தால் தூரம் ஆறு. ஓகர் துரத்தி வந்தாலும் மூன்று கட்டம் எட்டும் பிரதான பீரங்கி ஒன்றும் ஏவுகணைகளும்தான் எட்டும், நான்கு துணைத் துப்பாக்கியும் சும்மா இருக்கும். அந்த ஒரு கட்டத்தில்தான் மொத்த ஆட்டத்தின் நியாயமும் நிற்கிறது.

இப்போது அதே கணக்கை ஓகரின் முதல் கிண்ணம் காலியான பிறகு போடுங்கள். வேகம் இரண்டு. ஐந்து கட்டம் தள்ளி நிற்கும் ஜி.இ.வி.யிடம் ஓகர் இரண்டு கட்டம் நகர்ந்தால் தூரம் மூன்று. பிரதான பீரங்கியும் மிச்சமிருந்தால் ஏவுகணையும்தான் எட்டும். ஆக பன்னிரண்டு ஜி.இ.வி. எடுத்தவருடைய திட்டம் முழுவதும் முதல் 15 செயினில் இருக்கிறது. ஒரு ஜி.இ.வி. செயினைச் சுட்டால் மூன்றில் ஒரு தடவை 2 போகும். பன்னிரண்டும் எட்டிச் சுட்டால் ஒரு சுற்றுக்குச் சராசரி 8. இழப்பே இல்லை என்றால் இரண்டு சுற்றில் வேலை முடியும்.

இழப்பு இல்லாமல் விடக்கூடாது என்பதுதான் ஓகரின் வேலை. மார்க் 3-இன் பிரதான பீரங்கிக்குத் தாக்கு 4. ஒரு ஜி.இ.வி. மேல் அது இரண்டுக்கு ஒன்று, பாதிக்குப் பாதி அழிவு. துணைத் துப்பாக்கிகள் ஒவ்வொன்றும் தாக்கு 3. தனியாகச் சுட்டால் ஒன்றுக்கு ஒன்று, வீண். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6, மூன்றுக்கு ஒன்று. அதில் ஆறில் நான்கு தடவை அழிவு, மீதி இரண்டும் முடக்கம். தவறவே தவறாது. ஆக ஒரு சுற்றுக்கு மூன்று ஜி.இ.வி. அடி வாங்கும், சராசரியில் இரண்டு அழியும். முடங்கியது பக்கத்தில் இருந்தால் அடுத்த நகர்வில் மேலே ஏறி மோதிவிடுங்கள். முடங்கிய வண்டியை மோதினால் அழிவு உறுதி, உங்களுக்குப் போவது ஒரு செயின்தான்.

மார்க் 3-க்கு இரண்டு ஏவுகணை உண்டு. தாக்கு 6, தூரம் 5, ஒவ்வொன்றும் ஒரு தடவைதான். இவற்றை எல்லாரும் கடைசிவரை பூட்டி வைத்திருப்பார்கள். காரணம் ஹோவிட்சர். மூன்று கட்டம் நகர்ந்து ஐந்து கட்டம் ஏவினால் எட்டு. ஹோவிட்சரின் தூரத்துக்குச் சரியாகப் பதில் சொல்லும் ஆயுதம் இது ஒன்றுதான். ஆனால் எதிராளி பன்னிரண்டும் ஜி.இ.வி. எடுத்திருந்தால் அவரிடம் ஹோவிட்சரே இல்லை. பிறகு யாருக்காகச் சேமிக்கிறீர்கள்? முதல் சுற்றிலேயே இரண்டையும் விட்டுவிடுங்கள். முதல் சுற்றில் மூன்று ஜி.இ.வி. போய், இன்னும் ஒன்றிரண்டு முடங்கினால் அடுத்த சுற்றில் உங்கள் மேல் விழும் பகடை பன்னிரண்டு அல்ல, ஏழு எட்டுதான். இரண்டாம் கிண்ணத்தில் கை வைக்க அவருக்கு நாளாகும்.

துரத்தவும் துரத்தாதீர்கள். ஜி.இ.வி.யைத் துரத்துகிற ஓகர், கோழியைத் துரத்துகிற பிள்ளை மாதிரி முற்றம் முழுக்க ஓடிக் களைத்துப்போகும். நேராகக் கட்டளை நிலையத்துக்குப் போங்கள், அவர்கள் உங்களிடம் வந்தே தீரவேண்டும். வழியில், கட்டங்களுக்கு நடுவே வரைந்திருக்கும் இடிபாட்டுக் கோடுகளை ஒட்டியே நகருங்கள். இடிபாட்டை ஓகரும் காலாட்படையும் மட்டும்தான் கடக்க முடியும். பள்ளத்தை யாரும் கடக்க முடியாது. நீங்கள் ஒரு பள்ளத்துக்கும் இடிபாட்டுக்கும் நடுவில் நின்றால் அவர்கள் சுடுவதற்கு வந்து நிற்கக்கூடிய கட்டங்கள் குறையும், திரும்பி ஓடும் வழியும் குறுகும். மூன்று கட்டம் விலக வேண்டியவர் சுற்றிக்கொண்டு போய் இரண்டு கட்டத் தூரத்திலேயே மாட்டுவார்.

இதையெல்லாம் ஒரு பத்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சலிப்பாக இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு வரவேண்டும்.

வீட்டு விதி என்ற கிணற்றில் நாங்களும் இறங்கியிருக்கிறோம். என் அக்கா மகன் ஒரு காற்று விதி கொண்டுவந்தான். பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதம் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மேற்கிலிருந்து வந்து பனை மட்டையைக் கிழக்கே வளைத்துப் பிடிக்கும். மிதக்கிற வண்டி அதை எதிர்த்துப் போனால் ஒரு கட்டம் குறைய வேண்டும், காற்றோடு போனால் ஒன்று கூடவேண்டும் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆடும்போது ஒவ்வொரு ஜி.இ.வி.க்கும், "இப்ப எந்தத் திசை, பாதி காற்றா முழுக் காற்றா" என்று வழக்கு. ஒரு மணி நேர ஆட்டம் மூன்று மணி நேரம் ஆனது. கிழக்கே தப்பிய வண்டிகள் எட்டு கட்டம் போய் ஓகரின் கண்ணிலேயே படவில்லை. குணப்படுத்தப் போன நோயை நாங்களே கூட்டினோம். ஜி.இ.வி.க்கு உச்சவரம்பு ஆறு என்றும் வைத்துப் பார்த்தோம். எல்லாரும் ஒரே மாதிரி ஆறு ஜி.இ.வி., நான்கு கனரக டாங்கி, ஒரு ஹோவிட்சர் என்று எடுக்க ஆரம்பித்தார்கள். தேர்வு என்பதே போய்விட்டது.

பிறகுதான் ஒன்று புரிந்தது. ஜி.இ.வி.யின் பலம் அதன் வேகம் அல்ல. அது எந்த இடத்திலும் நிற்கத் தேவையில்லை, அதுதான் பலம். நிற்க வேண்டிய ஓர் இடத்தைக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் பலம் போய்விடும். அதற்கு விதிநூலில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

அப்படித்தான் எங்கள் வாளையார் ஆட்டம் வந்தது. இந்த விளையாட்டில் ஒரு கட்டம் என்பது 1500 மீட்டர், ஒரு சுற்று என்பது நான்கு நிமிடம். கணவாயின் அகலம் நம் பக்கத்தில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அதாவது இருபது கட்டம். வாளையாரிலிருந்து பாலக்காடு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், பதினைந்து பதினாறு கட்டம். அளவெடுத்துச் செய்ததுபோல் ஒரு களம் நம் வாசலிலேயே கிடக்கிறது. முழு வேகத்தில் ஓகர் வாளையாரிலிருந்து பாலக்காட்டுக்கு ஆறு சுற்றில், 24 நிமிடத்தில் வந்துவிடும். சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது பொறாமையாக இருக்கும்.

பிளெக்ஸில் அறுகோணக் கட்டம் அச்சடித்து அதன் மேல் ஊரை வரைந்தேன். வடக்கு ஓரம் மலை, வண்டி ஏறாது, காலாட்படை மட்டும் ஏறும். மலையடிவாரத்தில் இரண்டு கட்ட அகலத்துக்குக் காடு. நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் கிழக்கு மேற்காக. கஞ்சிக்கோடு மூன்று கட்டம், ஊர் நிலம். கோரையாறும் வாளையாறும் கல்பாத்திப் புழையும் நீலக் கோடு. தெற்கே முழுக்க வயலும் தென்னந்தோப்பும். காடு, ஊர், ஆறு, சாலை எல்லாவற்றுக்கும் ஜி.இ.வி. என்ற இரண்டாம் பாகத்தில் விதி இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். பனங்காட்டைக் காடாக எண்ணலாமா என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வாதாடினோம். பனை நிழல்கூட ஒழுங்காகத் தராது, டாங்கியை எங்கே மறைக்கப் போகிறது என்று எங்கள் எல்.ஐ.சி.காரர் சொன்னதோடு அது வெட்டவெளி என்று முடிவானது.

ஆட்டம் இதுதான். மார்க் 3 ஓகர் கிழக்கு ஓரத்தில் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் நுழையலாம். கட்டளை நிலையம் கிடையாது. மூன்றாம் சுற்றிலிருந்து எட்டாம் சுற்றுவரை, ஒவ்வொரு ஓகர் சுற்றின் முடிவிலும் கஞ்சிக்கோட்டின் மூன்று கட்டங்களைப் பாருங்கள். முடங்காத கவச வண்டி நிற்காத கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓகருக்கு ஒரு புள்ளி. காலாட்படை நின்றால் கணக்கில் சேராது. மொத்தம் பதினெட்டு புள்ளி இருக்கிறது, ஒன்பது எடுத்தால் ஓகர் ஜெயம். ஓகர் அதற்கு முன்னால் நின்றுபோனால் தற்காப்பு ஜெயம்.

இதில் பன்னிரண்டு ஜி.இ.வி. எடுத்தவர் என்ன செய்வார்? அடித்துவிட்டு ஓடினால் ஊர் காலி, சுற்றுக்கு மூன்று புள்ளி போகிறது. மூன்று வண்டியை ஊரில் நிறுத்தினால் அவை தற்காப்பு 2-ஐ வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். ஊர் நிலம் கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் ஓகர் உள்ளே ஏறி மோதினால் எந்தச் சுவரும் உதவாது. கனரக டாங்கி திடீரென்று அருமையாகத் தெரிய ஆரம்பிக்கும். எங்கள் கூட்டத்தில் இப்போது அதிகம் எடுப்பது நான்கு கனரக டாங்கி, ஐந்து ஜி.இ.வி., மூன்று ஏவுகணை டாங்கி. ஆனால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஓகர் பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வடக்கே மலையோரக் காட்டை ஒட்டிப் போனால் ஜி.இ.வி. சுற்றி வளைக்க முடியாது, ஆனால் ஊருக்கு ஒரு சுற்று தாமதம். நெடுஞ்சாலையில் நேராகப் போனால் மூன்றாம் சுற்றிலேயே கஞ்சிக்கோடு, ஆனால் நாலா பக்கமும் வெட்டவெளி.

பருவம் என்று ஒன்றையும் சேர்த்திருக்கிறோம். கோடையில் ஆறெல்லாம் மணல், எல்லாரும் கடக்கலாம். மழையில் ஆற்றைக் கடக்க டாங்கிக்குப் பாலம் வேண்டும், வயல் முழுக்கச் சதுப்பு. முதலில் படையைத் தேர்ந்தெடுத்த பிறகு பருவத்துக்குப் பகடை போட்டோம். அது தப்பு. மழை வந்தால் டாங்கி மாட்டிக்கொள்ளுமே என்ற பயத்தில் எல்லாரும் மறுபடி ஜி.இ.வி.க்கே போய்விட்டார்கள். இப்போது பருவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மழைக்காலம் என்றால் ஓகருக்கு ஒன்பதுக்குப் பதில் ஏழு புள்ளி போதும்.

இரண்டு பேரும் தற்காப்புப் பக்கமே வேண்டும் என்றால் ஏலம் விடுங்கள். எத்தனை வண்டியில் தற்காத்துக் காட்டுவேன் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி ஒன்றாகத் திறக்க வேண்டும், குறைவாக எழுதியவர் தற்காக்கிறார். மாமா பையன் பன்னிரண்டு ஜி.இ.வி. அசைக்கவே முடியாதது என்கிறாரே, அவர் ஒன்பதில் ஆடிக் காட்டட்டும். வரம்பை நீங்கள் வைக்கவேண்டாம், அவரே வைத்துக்கொள்வார்.

ரயில்பாதை சும்மா கிடக்கிறதே என்று என் அக்கா மகனுக்கு இன்னும் குறை. இரண்டாம் பாகத்தில் ரயிலுக்கு விதி இருக்கிறது, அதனால் வாளையாரிலிருந்து ஒரு ரயிலைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்டம் அடுத்தது. அந்தப் பாதையில் யானை குறுக்கே வருமே, அதற்கும் ஒரு காய் வைக்கலாமா என்கிறான். காற்று விதியை ஞாபகப்படுத்தினேன், பேச்சை மாற்றிவிட்டான்.

பிளெக்ஸ் கடையில் சுருட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் மாமா பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது நான்கைந்து சோடா மூடி எடுத்து வாருங்கள், எங்களிடம் ஜி.இ.வி.க்கு எட்டு மூடிதான் இருக்கிறது.